டக்பானி வினைத்தொடர்: வாக்கியம் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

வடக்குக் கானாவில் தமாலே நகரத்திலும், கிழக்கே யா நா என்ற பட்டம் உடைய அரசரின் தலைநகரான யெண்டி வரையிலும் பேசும் மொழி டக்பானி. பேசுகிறவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் தங்கள் மொழியை டக்பன்லி என்பார்கள். மொழியியலில் இதன் குடும்பத்துக்குக் கூர் என்று பெயர். அந்தப் பகுதி அறிஞர்கள் பலர் இப்போது ‘மபிய’ என்று சொல்வதையே விரும்புகிறார்கள். ஒரு தாயின் பிள்ளை, அதாவது உடன்பிறப்பு என்று பொருள்.

தமிழ் பேசுகிற ஒருவர் இந்த மொழியைக் கற்கத் தொடங்கினால் முதல் வாரம் வினை மிக எளிதாகத் தெரியும். வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஆளுக்கு ஒரு விகுதி கிடையாது. காலத்துக்கும் விகுதி கிடையாது. இரண்டாவது வாரத்தில் சிக்கல் ஆரம்பிக்கும். ஒரே வினைக்குப் பின்னால் சில நேரம் ‘ய’ ஒட்டுகிறது, சில நேரம் ‘ல’ வந்து நிற்கிறது, சில நேரம் இரண்டுமே இல்லை. எதை எங்கே போட்டாலும் கேட்பவர் முகம் மாறுகிறது.

நாம் வினையின் வாலைப் பார்த்து ‘யார், எப்போது’ என்று தேடிப் பழகியவர்கள். டக்பானி வினையின் வால் வேறொரு செய்தியைச் சொல்கிறது: எனக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா, இல்லையா என்று. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தாமாகவே விலகும். அதனால் வாக்கியம் சரியாக வராதபோது நான் எப்போதும் ஒரே வரிசையில் பார்ப்பேன். முதலில் வினைக்கு வலப்பக்கம், அப்புறம் இடப்பக்கம், கடைசியாகத்தான் வினை.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ‘ட’ வரிசையை டாக்டர் என்பதில் போல ஒலிப்போடு படியுங்கள். ‘த’ வரிசையை ஒலிப்பில்லாமல், தம்பி என்பதில் போல. இந்த இரண்டையும் கலந்தால் ‘தின்’ என்பது ‘கொடு’ ஆகிவிடும். ‘ச’ எப்போதும் அச்சம் என்பதில் வருவது. ‘ப’ பெரும்பாலும் அன்பு என்பதில் வரும் ஒலி. அப்படி இல்லாத இடத்தில் சொல்கிறேன். சொல் நடுவில் வரும் ‘க’ நம் பகல், அகம் என்பதில் கேட்கும் அதே மெல்லிய உரசல். டக்பானியில் அதற்குத் தனி எழுத்தே உண்டு. ‘ஃஜ’ என்பது ஷகரத்தை ஒலிப்போடு சொன்னால் வருவது. ‘ல’, ‘ய’, ‘ம’ என்று குறிலாக எழுதியதைப் பல, சில என்பது போலக் குறுக்கியே முடியுங்கள். தமிழில் சொல்லின் முதலில் வராத ‘ங’ அங்கே தாராளமாக வரும், ‘ஞ’ அன்றாடம் புழங்கும் எழுத்து. இந்த இரண்டு ஒலிகளும் நம் வாயில் முன்பே இருப்பது பெரிய வசதி.

அறிகுறி: சொல்லி முடித்துவிட்டேன், எதிரே இருப்பவர் இன்னும் காத்திருக்கிறார்

இது எனக்கே நேர்ந்தது. மாலை நேரம், முற்றத்தில் பெரிய பானையில் ஸகிம் கிண்டி இறக்கியிருந்தார்கள். ஸகிம் என்பது மாவைக் கிண்டிச் செய்யும் களி. வெண்டைக்காய்க் குழம்போடு சாப்பிடுவார்கள். வீட்டு அம்மா சுரைக்குடுவை அகப்பையில் களியை அள்ளிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ‘நான் சாப்பிட்டாயிற்று’ என்று சொல்ல நினைத்து, அன்று படித்த பாடத்திலிருந்து,

ன் டி ல

என்றேன். அகப்பை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக ‘பொ?’ என்றார். ‘என்ன?’ என்று பொருள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார். நான் வாக்கியத்தை முடித்ததாக நினைத்தேன். அவர் காதில் அது பாதியில் நின்றிருந்தது.

காரணம் எளிது. ‘ல’ என்ற இடைச்சொல் வினையை அடுத்து வரும்போது, அதற்குப் பின்னால் ஏதாவது ஒன்று கட்டாயம் வர வேண்டும். வாக்கியம் வினையோடு முடிகிறது என்றால் ‘ல’ கூடாது, ‘ய’ ஒட்ட வேண்டும்:

ன் டிய. (சாப்பிட்டேன், சாப்பிட்டாயிற்று.)
ன் டி ல ஞுலி. (வள்ளிக்கிழங்கு சாப்பிட்டேன்.)

‘டி’ என்றால் தின். ‘ஞுலி’ என்பது அந்த ஊரின் முதன்மைக் கிழங்கு, கை நீளத்துக்கு வளரும் பெரிய வள்ளிக்கிழங்கு. இன்னும் சில இணைகள்: ‘ஒ ஞுய’ என்றால் அவர் குடித்தார், ‘ஒ ஞு ல கொம்’ என்றால் அவர் தண்ணீர் குடித்தார். ‘ஒ சங்ய’ என்றால் போய்விட்டார், ‘ஒ சங் ல டா’ என்றால் சந்தைக்குப் போனார். (‘ஒ’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.)

‘ய’ என்பது ‘முடிந்தது’ என்ற காலக்குறி என்று பலர் குறித்துக்கொள்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்தேன். அதனால் வரும் அடுத்த பிழைதான் ‘ன் டிய ஞுலி’. இது டக்பானியில் நிற்காது. செயல் முடிந்ததுதான், ஆனால் பின்னால் கிழங்கு வந்துவிட்டதே, ‘ய’வுக்கு இடமில்லை. ‘முடிந்த செயல், வாக்கியமும் இங்கேயே முடிகிறது’ என்ற இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்வது ‘ய’ என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்லும்போது அன்றாடம் காதில் விழும் ‘ன் பகிய’ என்பதிலும் இதே ‘ய’தான் (இங்கே ப ஒலிப்பில்லாதது, வாயில் ‘ம்பகிய’ என்றே வரும்). யாராவது ஒன்றை விளக்கிச் சொன்ன பிறகு ‘ன் வும்ய’ என்றால் கேட்டுக்கொண்டேன், புரிந்தது. தினமும் சொல்லும் இந்த இரண்டையும் அச்சாக வைத்துக்கொண்டால் ‘ய’ கைவிட்டுப் போகாது.

‘ல’வைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். சிலர் ‘தான்’ என்று எழுதுகிறார்கள். அது கூடுதல் அழுத்தம். சாதாரணமாக ஒரு செய்தியைச் சொல்லும்போதே ‘ல’ வருகிறது. பின்னால் வருவதுதான் புதுச் செய்தி என்று அது கைகாட்டுகிறது. மொழிபெயர்க்காமல் விடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. பெயருக்குப் பின்னாலும் ஒரு ‘ல’ உண்டு. முன்பே பேசிய, தெரிந்த அந்த ஆள் என்று சுட்டுவது. ‘ஒ ஞ ல டோ ல’ என்றால் ‘அந்த ஆளைப் பார்த்தார்’. முதல் ‘ல’ வினையைச் சேர்ந்தது, இரண்டாவது ‘டோ’ (ஆண்) என்பதைச் சேர்ந்தது. வாக்கியத்தின் கடைசியில் ‘ல’ நிற்பதைப் பார்த்து, மேலே சொன்ன விதி உடைந்துவிட்டது என்று குழம்ப வேண்டாம்.

அறிகுறி: நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள்

இங்கே வினையைத்தான் மாற்ற வேண்டும். தொடரும் செயலுக்கும் வழக்கமான செயலுக்கும் வினை ஒரு நீட்சி எடுக்கும்: டி – டிரி, ஞு – ஞுரி, டுகி (சமை) – டுகிரி, கொஹி (வில்) – கொஹிரி. மகரத்தில் முடியும் வினைக்கு ரி வராது, டி வரும்: தும் (வேலை செய்) – தும்டி, வும் (கேள்) – வும்டி, கரிம் (படி) – கரிம்டி. ‘சங்’ (போ) மட்டும் ‘சனி’ ஆகும். அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

‘ஒ டிரி ல ஞுலி’ என்றால் கிழங்கு தின்றுகொண்டிருக்கிறார் என்றும் பொருள், கிழங்கு தின்பார், தின்கிற வழக்கம் உண்டு என்றும் பொருள். நம் ‘தின்கிறார்’ மாதிரியே. இரண்டையும் பிரிக்கத் தனி வடிவம் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். ‘பும்பொஙொ’ (இப்போது; இரண்டு ப-வும் ஒலிப்பில்லாதவை) என்று ஒரு சொல் சேர்த்தால் தெளிவாகிவிடும்.

வாக்கியம் இந்தத் தொடர் வடிவத்தோடேயே முடிந்தால் மறுபடியும் வலப்பக்கப் பிரச்சினை. இங்கே ‘ய’ வராது, ‘மி’ வரும். ‘ஒ டிரிமி’, தின்றுகொண்டிருக்கிறார். ‘ன் சனிமி’, போய்க்கொண்டிருக்கிறேன். அதாவது ‘ல’வுக்கு வாக்கியக் கடைசியில் நிற்க முடியாது, அந்த இடத்தை ‘மி’ பிடித்துக்கொள்கிறது.

தமாலேயில் யாரும் உங்களைக் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘அ வும்டி டக்பன்லி?’ சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘டக்பானி கேட்கிறாயா’; பொருள், உனக்கு டக்பானி தெரியுமா. ஒரு மொழி காதில் விழுந்து புரிந்தால்தான் அது தெரிந்ததாகக் கணக்கு. எனக்கு இந்தப் பார்வை மிகவும் பிடிக்கும்.

அறிகுறி: கட்டளை சொன்னால் விளக்கம் சொன்னது போலக் கேட்கிறது

ஏவலுக்கும் வலப்பக்கம்தான் அளவுகோல். பின்னால் ஒன்றும் இல்லை என்றால் ‘ம’: டிம (சாப்பிடு), சம (போ, சங் என்பதில் உள்ள ங் இங்கே விழுந்துவிடும்). பின்னால் ஏதாவது இருந்தால் ‘மி’: டிமி லி (அதைத் தின்). தொடர் வடிவத்தில் ‘மி’ வாக்கியத்தை முடிக்கிறது, ஏவலில் ‘மி’ வாக்கியத்தைத் தொடரவைக்கிறது. ஒரே ஒலி, நேர் எதிரான வேலை. எழுவாய் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்: ‘ஒ டிரிமி’ என்பதில் ‘ஒ’ இருக்கிறது, ஏவலில் எழுவாயே இல்லை.

‘வா’ என்பதற்கு அங்கே ‘கமின’ என்பார்கள். பின்னால் ஒன்றும் இல்லையே, ஏன் ‘ம’ வரவில்லை? உண்மையில் பின்னால் ‘ந’ இருக்கிறது. இந்தப் பக்கமாக, பேசுகிறவர் இருக்கும் திசையில் என்று காட்டும் துணுக்கு அது. க, மி, ந என்று பிரித்துப் பாருங்கள். அதே துணுக்கு மற்ற வடிவங்களிலும் வரும்: ‘ஒ கன’ வந்தார், ‘ஒ கன்ன’ வந்துகொண்டிருக்கிறார், ‘ஒ லபின’ திரும்பி வந்தார். ‘ன் கன்ன’ என்றால் வருகிறேன். கானாவில் ஓர் இடத்திலிருந்து எழுந்து வெளியே போகிறவர் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவது சர்வசாதாரணம். ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் விளக்கம் தேவையே இல்லை.

அறிகுறி: ‘இல்லை’ என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார்கள்

டக்பானியில் எதிர்மறை ஒன்று அல்ல, ஒரு கூட்டம். மற்ற மொழிக்காரர்கள் இங்கே திணறுவார்கள். தமிழ் தெரிந்தவருக்குத் திணறக் காரணமே இல்லை, ஏனென்றால் நம் பிரிவுகளும் கிட்டத்தட்ட இதேதான்.

வரவில்லை: ஒ பி கன.
வரமாட்டார்: ஒ கு கன.
போகாதே: டி சங்.

‘பி’ நடந்ததையும் நடப்பதையும் மறுக்கும். ‘கு’ வரப்போவதை மறுக்கும். ‘டி’ ஏவலை மறுக்கும். நாம் ‘வரவில்லை’ என்பதையும் ‘வரமாட்டார்’ என்பதையும் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகலாம். இடம் மட்டும்தான் வேறு. நமக்கு மறுப்பு வினையின் கடைசியில் வரும், அங்கே வினைக்கு முன்னால்.

‘நி’ என்ற எதிர்கால இடைச்சொல்லும் வினைக்கு முன்னால்தான்: ‘ஒ நி கன’, வருவார். இதை மறுக்கும்போது ‘பி நி’ என்று இரண்டையும் அடுக்கத் தோன்றும். அடுக்கக் கூடாது. ‘நி’யைத் தூக்கிவிட்டு ‘கு’வை வைக்க வேண்டும். ‘வருவார்’ என்பதை மறுக்கும்போது நாம் ‘வருவார் இல்லை’ என்கிறோமா? இல்லையே, ‘வரமாட்டார்’ என்று சொல்லையே மாற்றுகிறோம். அதே தர்க்கம்.

மறுப்பு வினைகளாகவே பிறந்த சொற்கள் சில உண்டு. இவற்றுக்கு ‘பி’ சேர்க்கக் கூடாது. ‘ன் மி ஒ’ என்றால் அவரை எனக்குத் தெரியும். தெரியாது என்பதற்கு ‘பி மி’ கிடையாது. ‘ன் ஃஜி ஒ’. ‘ன் மலி ல லிகிரி’ என்றால் என்னிடம் பணம் இருக்கிறது. இல்லை என்பதற்கு ‘ன் க லிகிரி’. ‘ஒ ஞெல கரிம்ப’ என்றால் அவர் ஆசிரியர். ஆசிரியர் அல்ல என்றால் ‘ஒ ப கரிம்ப’ (இந்த ‘ப’ ஒலிப்பில்லாதது). ஆக, ‘க’ என்பது நம் இல்லை, ‘ப’ என்பது நம் அல்ல. பேச்சில் ‘அல்ல’வை நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம், ‘அவர் வாத்தியார் இல்லை’ என்கிறோம். டக்பானி பேசும்போது அந்தப் பழைய வேறுபாட்டை மறுபடி தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. ‘ஒ க கரிம்ப’ என்று சொன்னால் ‘அவரிடம் ஆசிரியர் இல்லை’ என்றாகிவிடும்.

சரி, மறுப்பை இடம் மாற்றி வைத்துவிட்டீர்கள், இன்னும் திருத்துகிறார்கள் என்றால்? வலப்பக்கம் பாருங்கள். ‘ல’வையோ ‘ய’வையோ அங்கேயே விட்டிருப்பீர்கள். மறுப்பு வந்தால் இரண்டும் போய்விடும். ‘ஒ டி ல ஞுலி’ என்பதன் மறுப்பு ‘ஒ பி டி ஞுலி’. ‘ஒ சங்ய’ என்பதன் மறுப்பு ‘ஒ பி சங்’. ‘ய’ எதிர்கால ‘நி’யோடும் சேராது: ‘ஒ நி சங்’ என்றே முடியும். ‘டி சங்’ என்ற மறுப்பு ஏவலிலும் ‘ம’, ‘மி’ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என் அனுபவத்தில் கற்பவர்கள் விடும் பிழைகளில் இதுவே அதிகம். காரணம் புரிகிறது: பாடத்தில் முதலில் ‘ஒ டி ல ஞுலி’ என்று படித்து, அதை அச்சாக வைத்துக்கொண்டு, நடுவில் ‘பி’யை மட்டும் செருகுகிறோம். உடன்பாட்டு வாக்கியத்தையும் மறுப்பு வாக்கியத்தையும் இணையாகவே மனப்பாடம் செய்வதுதான் இதற்கு மருந்து.

அறிகுறி: போன வாரக் கதையைச் சொன்னால், இன்றைக்கு நடந்ததாக நினைக்கிறார்கள்

வினை மட்டும் தனியாக இருந்தால் ‘முடிந்தது’ என்பதோடு சரி. எவ்வளவு நாளைக்கு முன்னால் என்பதற்கு எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் தனி இடைச்சொல் வேண்டும்.

ஒ ஸ ட ல ஞுலி. (நேற்றுக் கிழங்கு வாங்கினார்.)
ஒ டா ட ல ஞுலி. (முந்தாநாளோ அதற்கும் முன்போ கிழங்கு வாங்கினார்.)

‘நேற்று’ என்று தனிச்சொல் போடாவிட்டாலும் ‘ஸ’ போதும். இரண்டு நாளோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் எல்லாமே ‘டா’தான், போன வாரமும், தாத்தா காலமும். தமிழில் ‘வாங்கினார்’ என்று வினைக்குள்ளேயே இறந்தகாலம் வந்துவிடுவதால் நாம் இந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம்.

மறுப்பு வந்தால் காலம் முன்னால், மறுப்பு பின்னால்: ‘ஒ டா பி ட ஞுலி’. ‘மறுபடி’ என்று பொருள்படும் ‘லஹி’ மறுப்புக்கும் பின்னால், வினையை ஒட்டி: ‘ஒ பி லஹி கன’, அவர் மறுபடி வரவில்லை. இடப்பக்கம் சரிபார்க்கும்போது இந்த வரிசையை விரல் விட்டு எண்ணுவேன்: எழுவாய், காலம், மறுப்பு, லஹி, வினை.

அறிகுறி: ‘எனக்கு’ என்று தொடங்கினால் வாக்கியம் நகரவே மாட்டேன் என்கிறது

எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், என்னிடம் இருக்கிறது. மூன்றிலும் தமிழில் ஆள் வேற்றுமை உருபு ஏற்று நிற்கிறார். டக்பானியில் மூன்றிலும் அவர் நேர் எழுவாய்: ன் மி லி (அது எனக்குத் தெரியும்), ன் பொரி ல கொம் (தண்ணீர் வேண்டும்), ன் மலி ல லிகிரி. ‘ம’ என்பது வினைக்குப் பின்னால் மட்டும் வரும் ‘என்னை, எனக்கு’; அதை முன்னால் வைத்தால் வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். எழுவாயை விழுங்குவதும் கூடாது. ‘சாப்பிட்டேன்’ என்று ஒரே சொல்லில் சொல்லும் சலுகை அங்கே இல்லை, ‘ன்’ கட்டாயம் வேண்டும்.

‘மலி’, ‘மி’ போன்றவை நிலையைச் சொல்லும் வினைகள். ‘இருக்கிறது’ என்ற நம் நிகழ்காலத்தைப் பார்த்து அவற்றோடு ‘ரி’ ஒட்டிவிடாதீர்கள்.

அறிகுறி: பேசினால் புரிகிறது, எழுதியிருந்தால் குழம்புகிறது

டக்பானியில் மேல், கீழ் என்று இரண்டு சுரநிலைகள் உண்டு. பொருளை மாற்றும் வேறுபாடு அது. ஆனால் வழக்கமான எழுத்தில் குறிப்பதில்லை. அதனால் ஏட்டில் ஒரே மாதிரி இருக்கும் சொற்களை இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

‘கு’வை எடுத்துக்கொள்வோம். எதிர்கால மறுப்பு ஒன்று, ‘கொல்’ என்ற வினை ஒன்று. ‘ஒ கு ல நோ’ என்று எழுதியிருக்கிறது. நோ என்றால் கோழி. மறுப்பு இருக்கும் இடத்தில் ‘ல’ வராது என்று மேலே பார்த்தோம். ஆகவே இது மறுப்பாக இருக்க வழியே இல்லை. கோழியைக் கொன்றார், அதாவது அறுத்தார். ‘ஒ கு டி’ என்றால் பின்னால் வேறு வினை நிற்கிறது, ஆகவே ‘தின்னமாட்டார்’. ‘ஒ கு கு நோ மா’ என்றால் முதல் ‘கு’ மறுப்பு, இரண்டாவது வினை, ‘மா’ என்பது அந்தக் குறிப்பிட்ட கோழியைச் சுட்டுவது: அந்தக் கோழியை அறுக்கமாட்டார். ஓர் இலக்கண விதி இப்படிப் படிக்கும்போது கைவிளக்காக உதவுவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும்.

‘டி’யும் அப்படித்தான்: தின் என்ற வினை, ‘அது’ என்ற எழுவாய், ‘வேண்டாம்’ என்ற மறுப்பு ஏவல். ‘டி டி நிம்டி மா’ என்றால் அந்த இறைச்சியைத் தின்னாதே. ‘ட’ வாங்கு, ‘டா’ சந்தை, இன்னொரு ‘டா’ முந்தாநாளும் அதற்கு அப்பாலும். ‘ஒ டா சங் ல டா’ என்ற வாக்கியத்தில் முதல் ‘டா’ வினைக்கு முன்னால் நிற்கிறது, அது காலம். கடைசி ‘டா’ சந்தை. ‘நி’ வினைக்கு முன்னால் வந்தால் எதிர்காலம், பெயருக்குப் பின்னால் வந்தால் ‘உள்ளே’, இரண்டு பெயர்களுக்கு நடுவில் வந்தால் நம் ‘உம்’. ‘ஞுய’ என்பது குடித்தார் என்பதன் வினை. கிழங்குகள் என்ற பன்மைப் பெயரும் எழுத்தில் அதுவேதான்.

படித்துப் பழக, 2021-இல் தொடங்கிய டக்பானி விக்கிப்பீடியா நல்ல இடம். கட்டுரைகளின் முதல் வரியில் ‘ஞெல’ (ஆவார், ஆகும்) திரும்பத் திரும்ப வரும். ‘ஞெ ல’ என்று பிரித்தும் எழுதுவார்கள், சேர்த்தும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான்.

அறிகுறி: கேள்வியில் ‘ல’ காணாமல் போய்விட்டது

இது பிழையே இல்லை, பயப்பட வேண்டாம். ‘பொ க அ பொரி?’ (என்ன வேண்டும்?), ‘ய க அ சனி?’ (எங்கே போகிறாய்?) என்று கேள்விச் சொல் முன்னால் வந்துவிட்டால் ‘க’ என்ற இணைப்பு அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது, ‘ல’வுக்கு வேலை இல்லை. ‘ஞுலி க ஒ ட’ என்றால் ‘அவர் வாங்கியது கிழங்குதான்’. எழுவாயையே அழுத்தினால் ‘க’ வராது, ‘ன்’ வரும்: ‘ஙுனி ன் ட ஞுலி?’ யார் வாங்கினார்கள்? ‘மனி ன் ட ஞுலி.’ நான்தான் வாங்கினேன். நம் ‘தான்’ பொருந்தும் இடம் இதுதான்.

அறிகுறி: இரண்டு வினைகளைச் சேர்த்தால் வாக்கியம் இரண்டாகப் பிளக்கிறது

‘வாங்கித் தின்றார்’ என்பதில் நாம் முதல் வினையை எச்சமாக்கிவிட்டு, காலத்தையும் ஆளையும் கடைசி வினையில் ஏற்றுகிறோம். டக்பானியில் சுமை முழுவதும் முதல் வினைக்கு முன்னால் ஏறுகிறது. எழுவாய், காலம், மறுப்பு எல்லாம் அங்கே ஒரே ஒரு முறை. அடுத்த வினை ‘ன்’ என்ற இணைப்போடு வெறுமனே வந்து சேர்ந்துகொள்ளும்: ‘ஒ டா ட ல ஞுலி ன் டி.’ இந்த ‘ன்’னை ‘நான்’ என்று படித்துவிடாதீர்கள். எழுவாய் ஏற்கெனவே வந்துவிட்டது, இது வெறும் பாலம். செயப்படுபொருளையும் ஒரு முறை சொன்னால் போதும்.

‘வாங்கித் தந்தார்’ என்பதும் அப்படியே: ‘ஒ ட ஞுலி ன் தி ம’, கிழங்கு வாங்கி எனக்குத் தந்தார். ‘தி’ என்றால் கொடு. ஆள் மாறினால் ‘ன்’ உதவாது, ‘க’ வேண்டும்: ‘அபு டுகி ஞுலி க தி டி’, அபு கிழங்கு சமைத்தார், நாங்கள் தின்றோம். இங்கே ‘தி’ என்பது ‘நாங்கள்’.

இப்போது ஓர் உடைந்த வாக்கியத்தை எடுத்து, மேலே சொன்ன வரிசையில் பழுது பார்ப்போம். ‘அன்றைக்கு நான் கிழங்கு வாங்கித் தின்னவில்லை’ என்று சொல்ல நினைத்து ஒருவர் இப்படி எழுதுகிறார்:

ம பி டா ட ல ஞுலி ன் டிய.

முதலில் வலப்பக்கம். உள்ளே ‘பி’ என்ற மறுப்பு இருக்கிறது. ஆகவே ‘ட’வுக்குப் பின்னால் உள்ள ‘ல’ போக வேண்டும், ‘டி’யோடு ஒட்டிய ‘ய’வும் போக வேண்டும். மிஞ்சுவது: ம பி டா ட ஞுலி ன் டி.

அடுத்து இடப்பக்கம். காலம் முன்னால், மறுப்பு பின்னால். ‘பி டா’ என்பதைத் திருப்பினால் ‘டா பி’. தொடக்கத்தில் ‘ம’ நிற்கிறது; அது வினைக்குப் பின்னால் வரவேண்டிய ‘எனக்கு’. அதை ‘ன்’ ஆக்குகிறோம்.

கடைசியாக வினை. வாங்கியது, தின்றது இரண்டும் ஒரே முறை நடக்கும் செயல்கள், வழக்கமோ தொடர்ச்சியோ இல்லை. ‘ட’, ‘டி’ இரண்டையும் தொட வேண்டாம்.

ன் டா பி ட ஞுலி ன் டி.

அன்றைக்கு என்பது நேற்றாக இருந்தால் ‘டா’வை எடுத்துவிட்டு ‘ஸ’ வையுங்கள். இனிமேல் வாங்கித் தின்னப்போவதில்லை என்றால் ‘டா பி’ இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு ‘கு’: ன் கு ட ஞுலி ன் டி.